தூங்கத் தெரிந்த கருவி

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



1990ஆம் ஆண்டின் பின் வந்த பொருளாதாரத் தடைக் காலத்திலே வடபகுதிக்குப் பற்றரி கொண்டுவரத் தடையிருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் இச்சபையில் இருக்கின்றீர்கள். ஜாம் போத்தல் விளக்கில் எண்ணெயை அளந்து எரித்துப் படித்தவர்களும் இருக்கின்றீர்கள். உங்கள் முன் மின்சிக்கனம் பேச வந்த நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்பவர்களே. ஆயினும் பொறுத்தருள வேண்டுகின்றோம்.

இன்று எம் வயதினர் பலர் பொழுதுபோக்காக நுண்கட்டுப்படுத்திகளைக் கொண்டு கருவிகள் செய்கின்றனர். நுண்கட்டுப்படுத்தி என்பது ஒரே சில்லினுள் அடங்கிய சிறு கணினி. குளத்தின் நீர்மட்டத்தை அளந்து அறிவிக்கும் கருவி வன்னிக்கு மிகவும் வேண்டியது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் சூழ்ந்த வெள்ளத்தை எவரும் மறவார்.

குளக்கட்டிலே மின்கம்பி இல்லை, பற்றரியே துணை. மாரி இருட்டில் சூரியத் தகட்டையும் முழுதாக நம்பவியலாது. ஆகவே கருவி பெரும்பொழுது தூங்கவேண்டும். அத்தூக்கம் கும்பகர்ணன் தூக்கமாயிருத்தல் ஆகாது. கோழித் தூக்கமாயிருத்தல் வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளிருக்கும் கடிகாரம் எழுப்ப வேண்டும். வெள்ளம் மிதவை ஆளியைத் தட்டினால் அக்கணமே விழிக்கவேண்டும். இவ்விரண்டுக்கும் சில்லிலே வழியுண்டு. நிரலில் சில வரிகள் எழுதினாற் போதும்.

ஆனால் சில்லு தூங்கினாற் போதுமா? இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். ஈஎஸ்பி-32 என்னும் சில்லு ஆழ்ந்த தூக்கத்தில் ஏறக்குறைய 10 மைக்ரோ அம்பியரே பருகும். அதைத் தாங்கும் மலிவான பலகைகள் பலவற்றில் ஏஎம்எஸ்-1117 என்னும் மின்னழுத்தச் சீராக்கி இருக்கிறது. அது வேலையின்றி இருக்கும்போதே சுமார் 5 மில்லி அம்பியரை உண்ணும். சில்லு பருகுவதைப்போல் 500 மடங்கு! பலகையிலே சதா எரியும் சிறு விளக்கு வேறு. எசமான் உறங்க, ஏவலாளர் பந்தி வைத்து உண்ணும் வீடு இது.

கணக்கைப் பாருங்கள். விழிக்குந்தோறும் 5 விநாடி, 100 மில்லி அம்பியர் செலவாகிறதென்று கொள்வோம். நாளொன்றுக்கு 96 விழிப்பு. வேலைச் செலவு 13 மில்லி அம்பியர் மணி. சீராக்கியின் வீண்செலவோ 120. 2,500 மில்லி அம்பியர் மணி கொண்ட பற்றரி 18 நாளில் ஓய்ந்துவிடும். 1.6 மைக்ரோ அம்பியரே கொள்ளும் எம்சிபி-1700 போன்ற சீராக்கியை இட்டு, அவ்விளக்கையும் நீக்கிவிட்டால், கணக்கின்படி ஆறு மாதம் நிற்கும். ஐப்பசி முதல் தை வரை மாரி முழுவதையும் காத்துவிடும்.

ஆதலின் இளைஞர்களே, பலகையின் விலையை மாத்திரம் பார்த்து வாங்காதீர்கள். கருவியைக் கட்டுக்குக் கொண்டுசெல்லுமுன், அது தூங்கும்போது பற்றரியோடு மல்ரிமீற்றரைத் தொடராக இணைத்து அளந்து பாருங்கள். நிரல் சொல்வதை நம்பாது, முள் சொல்வதை நம்புங்கள். மேசையில் ஒருநாள் இயங்கியது பெரிதன்று. 19ஆம் நாள் நள்ளிரவில் நீர் ஏறும்போது கருவி செத்துக் கிடந்தால், அதை நம்பிக் கண்ணயர்ந்த குடும்பங்களுக்கு யார் விடை சொல்வது? காவலன் இல்லை என்று தெரிந்த ஊர் தானே விழித்திருக்கும். பொய்க்காவலனை நம்பிய ஊரே அழியும்.

கிளிநொச்சி அறிவியல் நகரிலே பொறியியற் பீடம் அமைந்திருக்கும் இக்காலத்தில் எமக்குக் கல்விக்குக் குறைவில்லை. துளி எண்ணெயையும் வீணாக்காத உங்கள் பழக்கத்தை அக்கல்வியோடு சேர்ப்பதே எம் கடமை என்று கூறி அமைகின்றோம்.