முதலில் பின்சக்கரம்

மடக்கித் தூக்கிக்கொண்டு மாடி ஏறக்கூடிய சின்ன மின்சைக்கிளைப் பற்றி நீங்கள் நிறையவே கேட்டிருப்பீர்கள். 20 அங்குலச் சக்கரம், பின்சக்கரத்தின் நடுவே 250 வாட் மோட்டார், 36 வோல்ட் பாட்டரி. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும், கீழே வண்டி நிறுத்த இடம் கிடைக்காத அடுக்குமாடிவாசிகள் வாங்கிக் கதவோரம் சாத்தி வைத்திருக்கும் வண்டி. வாங்கிக் கொஞ்ச நாளானதும் அதை வீட்டிலேயே பிரித்து மேம்படுத்தும் ஆசை வந்துவிடுகிறது. ஆசை நல்லதுதான், அது இப்போது போகிற திசைதான் எனக்குப் பிடிக்கவில்லை. ரிச்சி தெருவுக்குப் போய் 48 வோல்ட் பாட்டரியும் அதற்கேற்ற கன்ட்ரோலரும் வாங்கி மாட்டி, வண்டி எவ்வளவு வேகம் போகிறது என்று நண்பர்களுக்குக் காட்டுவதே மேம்பாடு என்றாகிவிட்டது. நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: இந்த வண்டியில் முதலில் கைவைக்க வேண்டிய இடம் பின்சக்கரம். பாட்டரி அல்ல, மோட்டார் அல்ல, பின்சக்கரம்.

காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். சாலையில் 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய 28 அங்குலச் சக்கரம் அதற்குள் 15 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கி ஏறும். 20 அங்குலச் சக்கரம் 21 மில்லிமீட்டர் இறங்கும். சக்கரம் சின்னதாக இருப்பதால் ஒரு கிலோமீட்டருக்கு அது சுற்றும் சுற்றும் அதிகம்: பெரியது சுமார் 450 தடவை சுற்றினால் சின்னது 650 தடவை. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ஸ்போக்ஸ் கம்பியும் ஒரு தடவை தரைப்பக்கம் வந்து, இறுக்கம் தளர்ந்து, மறுபடி இறுகுகிறது. தினம் 10 கிலோமீட்டர் ஓட்டினால் மாதத்துக்கு ஏறத்தாழ 2 லட்சம் தடவை. ஓட்டுபவரின் எடையில் பெரும்பங்கு பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. மோட்டாரின் இரண்டு மூன்று கிலோவும் அந்தச் சக்கரத்திலேயே தொங்குகிறது. லஸ்ஸிலிருந்து மந்தைவெளி வழியாக அடையாறு வரை மெட்ரோ பணி நடக்கும் பாதையில் போய் வந்தவர்களுக்கு, அந்தச் சக்கரம் என்ன பாடுபடும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கிய காலத்துக் கறுப்பு ஹெர்குலிஸ் வகை வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. சுமை எங்கே விழுகிறது என்று தெரிந்து வைத்த கணக்கு அது. இன்றைய மோட்டார் சக்கரத்தில் பெரும்பாலும் 36 கம்பிதான். அந்த 36-உம் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். சாதாரண சைக்கிளில் நடு ஹப் சின்னது, ரிம் பெரியது. கம்பி சுமார் 300 மில்லிமீட்டர் நீளம். ஒவ்வொரு கம்பியும் மற்ற மூன்று கம்பிகளைத் தாண்டிக் குறுக்கே போனாலும், ரிம்முக்குள் ஏறக்குறைய நேராகத்தான் நுழையும். சாய்வு நான்கு டிகிரிக்குள் அடங்கிவிடும். மோட்டார் சக்கரத்தில் நடுவே இருப்பது தட்டு மாதிரி அகலமான ஹப், ரிம்மோ சின்னது. 62 மில்லிமீட்டர் ஆரம் உள்ள மோட்டார் விளிம்பிலிருந்து அதே மூன்று குறுக்கு முறையில் கோத்தால், கம்பி ரிம்முக்குள் 18 டிகிரி சாய்ந்து நுழைகிறது. கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிள் அந்தச் சாய்வுக்குத் திரும்பாது. கம்பி நிப்பிளின் வாயிலேயே வளைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் வளைந்து நிமிர்கிறது. ஒரு நாள் அந்த இடத்தில் ஒடிகிறது. ஒன்று ஒடிந்தால் பக்கத்துக் கம்பிகளின் மேல் சுமை ஏறி அவையும் ஒடியும். அதே ரிம், அதே மோட்டார். ஒவ்வொரு கம்பியும் மற்ற ஒரே ஒரு கம்பியைத் தாண்டிப் போகும்படி, ஒற்றைக் குறுக்காகக் கோத்தால் சாய்வு 9 டிகிரியாகப் பாதியாகிறது. கம்பியின் நீளமும் 174-லிருந்து சுமார் 140 மில்லிமீட்டராகக் குறைகிறது. வான்கூவரில் மின்சைக்கிள் சாமான்களுக்குப் பேர்போன கிரின் டெக்னாலஜீஸ் நிறுவனமும் மோட்டார் சக்கரத்துக்கு இந்த ஒற்றைக் குறுக்கைத்தான் சிபாரிசு செய்கிறது. குறுக்கு குறைந்தால் மோட்டாரின் இழுப்பைக் கம்பி தாங்குமா என்று கேட்பார்கள். தாங்கும். 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையை அகலமான விளிம்பில் 36 கம்பிக்கும் பங்கிட்டால் கம்பி ஒன்றுக்கு ஏறத்தாழ 3 கிலோ இழுப்புதான் கூடுகிறது. நன்றாக இறுக்கிய கம்பியோ 80 கிலோவுக்கு மேல் இழுவையில் ஏற்கெனவே நிற்கிறது.

அடுத்தது கம்பியின் தடிமன். கம்பி ஒடிந்தால் இன்னும் தடித்த கம்பி போடு என்று கடையில் சொல்வார்கள். வாங்குகிறவர்களும் அதையே நம்புகிறார்கள். மலிவான வண்டிகள் பலவற்றில் 12 கேஜ், அதாவது 2.6 மில்லிமீட்டர் கம்பி வருவதற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம். இது தலைகீழ் யோசனை. சைக்கிள் கம்பி சுமையைத் தாங்குவது தடிமனால் அல்ல, இழுவையால். அமெரிக்கப் பொறியாளர் ஜாப்ஸ்ட் பிராண்ட் 1981-இல் சைக்கிள் சக்கரத்தைப் பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் எழுதி இதைத் தெளிவாக்கினார். சக்கரம் தரையை அழுத்தும்போது கீழ்ப்பக்கக் கம்பி கொஞ்சம் தளரும். அது முழுவதும் தளர்ந்துபோகாமல் இருக்க வேண்டுமானால், முன்கூட்டியே நன்றாக நீண்டிருக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் கம்பி, அதே இழுவையில், 2.6 மில்லிமீட்டர் கம்பியைப் போல் 1.7 மடங்கு நீள்கிறது. அதனால் பள்ளத்தில் விழுந்தாலும் அதில் இழுவை மிச்சம் இருக்கிறது. தடித்த கம்பியோ நீள்வதற்கு முன்பே ரிம்மை வளைத்துவிடும் என்று பயந்து, அரைகுறை இறுக்கத்தில் விடப்படுகிறது. அரைகுறை இறுக்கத்தில் நிற்கும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முழுக்கத் தளர்ந்து, ஹப்பில் மாட்டும் வளைவான முழங்கைப் பகுதியில் ஆடி ஆடி ஒடிகிறது. மறுபடியும் சொல்கிறேன்: தடித்த கம்பி ஒடியும், மெல்லிய கம்பி நிற்கும். அந்த 2 மில்லிமீட்டர், அதாவது 14 கேஜ், போதும். மனம் ஒப்பவில்லை என்றால் முழங்கையில் 13, மற்ற இடத்தில் 14 என்று இழைத்த கம்பி போடலாம். 140 மில்லிமீட்டர் நீளத்தில் தயாராகக் கிடைக்காவிட்டால், நீளக் கம்பியை வெட்டி மரை போட்டுத் தரச் சொல்ல வேண்டும். அப்போது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்: மரை வெட்டப்படுகிறதா, உருட்டப்படுகிறதா? உருட்டு மரைதான் வலுவானது.

கோத்தபின் கோட்டம் எடுப்பது. இதைச் சைக்கிள் கடைக்காரர்களின் ரகசிய வித்தை என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் அதிகம். வித்தைதான், ஆனால் ரகசியம் ஒன்றுமில்லை. வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பிரேமில் ஒரு குச்சியைக் கட்டி, ரிம் எங்கே உரசுகிறது என்று பார்த்து, எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்க வேண்டும்; கால் சுற்றுக்கு மேல் ஒருபோதும் வேண்டாம். ரிம் நேராகிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். இழுவை சமமாகாமல் ரிம் நேராக நிற்கலாம். அப்படி நிற்கும் சக்கரம் ஒரு வாரம் தாங்கும். இழுவையைச் சோதிக்க நம் ஊர்க்காரர்களுக்குத் தனிக் கருவி எதற்கு? விரலால் மீட்டிப் பார்த்தால் போதும். ஒரே பக்கத்தில் ஒரே நீளம், ஒரே தடிமன் என்றால், இழுவை சமமாக இருக்கும் கம்பிகள் ஒரே சுருதியில் பேசும். ஓசையின் ஏற்றம் இழுவையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், அரை ஸ்வரம் தள்ளிப் போனால் இழுவையில் 12 சதவீத வித்தியாசம் என்று அர்த்தம். மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களில் தம்புரா கூட்டுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு அரை ஸ்வரம் பெரிய தூரம். கடைசியாக, இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்து நன்றாக அமுக்கிவிட வேண்டும். பிராண்ட் விடாமல் வலியுறுத்திய காரியம் இது. கம்பியின் வளைவில் தங்கியிருக்கும் உள் அழுத்தம் அதில் தணிகிறது. செய்யாவிட்டால் அந்த அழுத்தம் பிறகு விரிசலாக வெளியே வரும்.

இவ்வளவும் சரி, வேகம் வேண்டாமா என்று கேட்கிறீர்கள். 36-ஐ 48 வோல்ட் ஆக்கினால் வேகம் அதே விகிதத்தில் ஏறும்; 25-இல் ஓடிய வண்டி 33-ஐத் தொடும். நிற்கத் தேவைப்படும் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 6 மீட்டரில் நின்ற வண்டிக்கு இப்போது 10 மீட்டருக்கு மேல் வேண்டும். பாண்டி பஜாரில் உங்களுக்கு முன்னால் 10 மீட்டர் காலியாக எப்போது இருந்தது? கம்பியின் மேல் வரும் அதிர்ச்சியும் வேகத்தோடு கூடவே ஏறும். சட்டமும் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டார் 0.25 கிலோவாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் என்று இருக்கும்வரைதான் அது சைக்கிள். தாண்டினால் அது மோட்டார் வாகனம். பதிவு, உரிமம், காப்பீடு எல்லாம் கேட்பார்கள். இவை எதுவும் இல்லாமல் ஓர் ஆளை இடித்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வீட்டில் செல்களைச் சேர்த்துப் பற்றவைத்துப் பாட்டரி கட்டுவதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் மின்ஸ்கூட்டரிலிருந்து எழுந்த தீயும் புகையும் ஒரு தந்தையையும் மகளையும் பறித்தன. அந்த ஆண்டு தொடர்ந்து நடந்த விபத்துகளுக்குப் பிறகுதான் பாட்டரிச் சோதனை விதிகள் இறுக்கப்பட்டன. மாடிப்படிக்குப் பக்கத்தில் வைத்துச் சார்ஜ் போடும் பொருளில் கைவேலை வேண்டாம்.

மேம்பாலம் ஏறுமா என்பது இன்னொரு கேள்வி. ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ, ஏற்றம் 4 சதவீதம், வேகம் 15 என்றால் தேவை சுமார் 230 வாட். மோட்டாரோடு உங்கள் காலும் மிதித்தால் உஸ்மான் சாலை மேம்பாலம் ஒரு பொருட்டே அல்ல. சொல்லப்போனால் சின்னச் சக்கரத்தின் உண்மையான லாபமே இதுதான்: அதே முறுக்கு விசைக்கு 26 அங்குலச் சக்கரத்தைவிட 30 சதவீதம் கூடுதலாகத் தள்ளும். ஏறுவதற்கென்று அமைந்த வண்டியை ஓடுவதற்காகக் கெடுக்கிறோம். தூரம் போதாது என்பவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி என்றால் 360 வாட் மணி. கிலோமீட்டருக்கு 12 வாட் மணி என்று வைத்தாலும் 30 கிலோமீட்டர். அடையாறிலிருந்து லஸ், அங்கிருந்து பனகல் பூங்கா, திரும்ப வீடு என்றால் ஏறத்தாழ 15 கிலோமீட்டர்தான். டயரில் காற்றை வாரம் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம் மிச்சமாகும்.

சக்கரம் புதிதாகக் கோத்தவர்கள் முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை எல்லாக் கம்பியையும் மீட்டிப் பாருங்கள். சில கம்பிகள் இறங்கியிருக்கும், கால் சுற்றில் சரியாகிவிடும். அப்போதே அச்சின் நட்டையும் இறுக்கிவிடுங்கள். உங்கள் வண்டியில் கம்பியே இல்லாத வார்ப்பு அலாய்ச் சக்கரம் என்றால் இன்று நான் சொன்னது எதுவும் உங்களுக்கு உதவாது. அதில் கோட்டம் எடுக்க முடியாது. கரத்தில் விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பார்க்கலாம், இருந்தால் சக்கரத்தையே மாற்ற வேண்டியதுதான்.