மாண்டோர் கணக்கும் மீண்டோர் கடனும்

(முள்ளிக்குளத்தில், போரில் உயிர்நீத்தோர் நினைவுகூரலில் ஆற்றப்பெற்ற உரை)



மாண்ட நம்மவரை நினைந்து விளக்கேற்றி நிற்கிறோம். கண்ணீர் சிந்திக் கலைந்து செல்வதற்கு மட்டுமோ நாம் கூடினோம்? போருக்கு நாம் கொடுத்த விலை யாது என்று கணக்குப் பார்ப்பதற்கும் உரிய நாள் இதுவே.

கணக்கு என்றதும், மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை நம் நினைவில் எழுகிறார். 2011 ஜனவரியில், அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் வைத்தது ஆவேசப் பேச்சன்று. ஒரு கழித்தற் கணக்கு. 2008 ஒக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர், கச்சேரிப் பதிவுகளின்படி, 429,059 பேர். 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தடைந்தோர், ஐக்கிய நாடுகள் அலுவலகக் குறிப்பின்படி, 282,380 பேர். எஞ்சிய 146,679 பேருக்கு நேர்ந்தது யாது? இதுவே அவர் கேட்டது. 2021 ஏப்ரலில் ஆயர் கண்மூடினார். அவர் கேள்வியோ இன்னும் கண்மூடவில்லை.

மாண்டோர் மட்டுமா போரின் விலை? 2007 செப்டெம்பரில், படையினர் சொற்படி, கையில் எடுத்தவற்றோடு இவ்வூரார் வெளியேறினர். வயலும் குளமும் கரைவலைப் பாடும் பின்னே நின்றன. ஊர்நிலத்தில் கடற்படைத் தளம் எழுந்தது. 2012இல் திரும்பி வந்தோர்க்குக் கிடைத்தது மலங்காட்டுக் கொட்டில். 2017 மார்ச்சில் அறப்போர் தொடுத்த பின்னரே, 100 ஏக்கர் விடுவிக்கப்படுமென்ற அறிவிப்பு ஏப்ரலில் வந்தது. சொந்த ஊரின் வாசலில் அகதியாய் நின்று கண்மூடிய முதியோரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

பிறர் நமக்கிழைத்ததைச் சொல்லும் நாவு, நம் பெயரால் நிகழ்ந்ததையும் சொல்லல் வேண்டும். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். இம் முசலி மண்ணின் முஸ்லிம் உழவரும் மீனவரும் அன்று வீடிழந்தனர். அவர்தம் துயரை விட்டுவிட்டு எழுதும் கணக்கு நேர்மையான கணக்காகாது. போர்முனையில் மகனை இழந்த சிங்களத் தாயின் கண்ணீரும் உப்புக் கரிப்பதே.

ஆகவே, தோழர்களே, நாம் கேட்பது பழியன்று. காணாமற்போனோர்க்கு உண்மை வேண்டும். வாழ்வோர்க்கு நிலம் வேண்டும். பிள்ளைகளுக்குப் பகையற்ற நாடு வேண்டும். மாண்டோரை எழுப்ப நம்மால் இயலாது. அவர்கள் எண்ணப்படாமலே மறைந்துபோவதைத் தடுக்க இயலும். மீண்டோராகிய நமக்கு அதுவே கடன்.