தாய்த்தண்டு சாய்ந்த பிறகு



சென்னை அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் ஓர் ஆலமரம். வயது ஏறத்தாழ 450. அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜே. கிருஷ்ணமூர்த்தியும் அதன் நிழலில் பேசியிருக்கிறார்கள். 1989-இல் அடித்த புயலில் அதன் தாய்த்தண்டு சாய்ந்தது. ஆனால் மரம் போய்விடவில்லை. அந்தத் தண்டு நன்றாக இருந்த காலத்தில் இறக்கிய விழுதுகள் அதற்குள் மண்ணைப் பிடித்து, தாமே தண்டுகளாகி நின்றன. இன்றைக்கு அங்கே போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பது அவற்றைத்தான்.

கல்கத்தாவை அடுத்த ஹவுரா தாவரவியல் பூங்கா ஆலமரத்தின் பாடு இன்னும் நெடியது. 1864, 1867 புயல்களில் அடிபட்டு, காயத்தில் பூஞ்சை ஏறி, தாய்த்தண்டு உளுத்தது. 1925-இல் அதை அகற்றிவிட்டார்கள். நடுத்தண்டே இல்லாமல், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளை ஊன்றிக்கொண்டு அந்த மரம் நூறாண்டாகப் படர்ந்துகொண்டிருக்கிறது.

அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்தவரிடம் இதைச் சொன்னால் ஆறுதலாகுமா? முதல் மாதத்தில் ஆகாது. பதினாறாம் நாள் காரியமோ, நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவோ முடிந்து, பந்தலைப் பிரித்து, சொந்தபந்தம் பஸ் ஏறிய பிறகு வீட்டில் ஒரு வெறுமை இறங்கும். அப்போது துக்கக்காரர் தோட்டத்துப் பக்கம் நடக்கிறார். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

அதே நாட்களில்தான் பத்திரம் தேடும் வேலையும் வரும். வாரிசுச் சான்றிதழுக்கு அலைவதை யாரும் ஆறுதல் என்று சொல்ல மாட்டார்கள். தாலுகா ஆபீஸ் நடையில் அழுகைகூட நின்றுவிடும். இருந்தாலும் நம் திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர், செம்பட்டிப் பக்கத்துப் பழைய கிரயப் பத்திரம் ஒன்றைப் பிரித்து வாசித்துப் பாருங்கள். நான்கு மால் எழுதி, கிணறு எழுதி, மாவடை மரவடை என்று சேர்த்திருப்பார்கள். அந்த மரம் தாத்தா வாங்கியபோது கன்று. அப்பா தண்ணீர் விட்டபோது இளமரம். இப்போது அது காய்க்கிறது, விட்டவர் இல்லை. புறம்போக்கில் நிற்கும் புளிக்கும் 2சி பட்டா என்று ஒன்று உண்டு. நிலம் சர்க்காருடையது, மரத்தின் பலன் பட்டாக்காரருக்கு. நற்றிணை 172-ஆம் பாட்டில், விளையாட்டாகப் புதைத்த விதையில் முளைத்த புன்னையை மகளுக்கு உடன்பிறப்பு என்கிறாள் ஒரு தாய். ரெவின்யூ இலாகாவும் தன் பங்குக்கு மரத்தைக் குடும்பத்தோடு சேர்த்துவிட்டது!

மாசி, பங்குனியில் புளி உலுக்கும்போது அண்ணன் தம்பி வந்தாக வேண்டும். ஓடு உடைக்க, கொட்டை எடுக்க அத்தையும் சித்தியும் உட்கார வேண்டும். அங்கேதான் செத்தவரைப் பற்றிச் சிரித்துப் பேசுவது தொடங்குகிறது. அவருடைய முன்கோபத்தைக்கூட யாராவது நடித்துக் காட்டுவார்கள். மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தால் பாதி ஆறுதல்தான். மீதி அந்த வேலையிலும் பங்குச் சண்டையிலும் இருக்கிறது.

வீட்டு மரம் மட்டுமல்ல, ஊரே காத்த காடும் உண்டு. நம் மாவட்டத்திலேயே நத்தம் பக்கம் காசம்பட்டி வீரகோயில் காட்டைப் பாருங்கள். 4.97 ஹெக்டேர், அதாவது சுமார் 12 ஏக்கர். 2025-இல் அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மதுரை அரிட்டாபட்டிக்கு அடுத்து தமிழ்நாட்டில் இரண்டாவது. அரசாணை வந்தது நேற்று. சாமிக்குப் பயந்து காட்டில் சுள்ளி ஒடிக்காத பாட்டன் பூட்டன்கள் அதற்கு எத்தனையோ தலைமுறை முந்தியவர்கள்.

மண்ணை விட்டே போனவர்களையும் பாருங்கள். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் போனது. அப்படிப் போனவர்களின் பட்டியல்களில் தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும் பதிவாயின. அந்த இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம், ஆறாம் தலைமுறை இன்றும் தமிழ்நாட்டில் ஊர் தேடுகிறது. ‘வேர்களைத் தேடி’ என்று அரசே அயலகத் தமிழ்ப் பிள்ளைகளை அழைத்து வருகிறது.

நீங்கள் கப்பல் ஏற வேண்டாம். எந்த மரத்தை எந்தப் பாட்டி வைத்தாள் என்று தெரிந்தவர் இந்தக் கூட்டத்தில் முன்வரிசையிலேயே இருக்கிறார். தம்பிகளே, கையில் இருக்கும் போனை அவர் பக்கம் திருப்பி, கேட்டுப் பதிவு செய்யுங்கள். பெயரை மட்டும் கேட்காதீர்கள், கன்று எங்கிருந்து வந்தது, எந்தக் கிணற்றுத் தண்ணீர், இடையில் யார் வெட்டப் பார்த்தார்கள் என்பதையும் கேளுங்கள்.