ஹீட்டர் போடாத ஊரில் ஹீட்டர் ஹோஸ்

விருத்தாசலம் பக்கம் நல்லூர் என் ஊர். இந்த வெயிலில் கார் ஹீட்டரை யாரும் தொடுறதில்லை. ஹீட்டர் ஹோஸை யாரும் கவனிக்காமல் விடுவதும் அதனாலதான்.

ஹீட்டர் உள்ள பழைய ஜிப்சியோ ஜீப்போ வைத்திருக்கிறீர்களா? இன்ஜினிலிருந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் இரண்டு ரப்பர் ஹோஸ் போகும். ஹீட்டரை அணைத்தே வைத்திருந்தாலும் அதில் சூடான கூலன்ட் அழுத்தத்தோடு நிற்கும். ஒன்று கிழிந்தால் கூலன்ட் மொத்தமும் காலி. சென்சாரைச் சுற்றித் தண்ணீர் இல்லாவிட்டால் டெம்பரேச்சர் முள்ளும் ஏறாமல் ஏமாற்றலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போனால் என்ன செய்வீங்க?

இன்ஜின் நல்லா ஆறினதும் ஹோஸை விரலால் அழுத்துங்க. நடுப்பகுதியைவிட கிளாம்ப் ஓரம் கொழகொழன்னு இருந்தால் மாத்திடுங்க. வெளியே பளபளப்பா இருக்கேன்னு நம்பாதீங்க. ரப்பர் உள்ளிருந்தும் வெடிக்கும். உப்பல், விறைப்பு, கிளாம்ப் ஓரக் கறை இதெல்லாமும் எச்சரிக்கைதான்.

மாற்றும்போது கூலன்ட்டை வடிச்சிட்டு, ஒட்டிக்கொண்ட ஹோஸை பிளேடால் நீளவாக்கில் கீறி உரிங்க. முறுக்கி இழுத்தால் மெல்லிய ஹீட்டர் குழாய் உடையும். அப்புறம் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியதுதான். அதே உள்விட்டத்தில் இரண்டு ஹோஸும், புது கிளாம்ப்பும் போடுங்க. கூலன்ட் ஊற்றி, சிக்கிய காற்றை வெளியேற்றுங்க.

மலை ஏறுவதற்கு முன்னால் இதைப் பார்த்துடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.