பின்பக்கத்தில் பெயர் எழுதுங்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் இருவரும் இந்தக் கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இன்று யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய ஸ்ரூடியோவைச் சேர்ந்து நடத்துகிறோம். பேச்சுப் போட்டிக்கு ஒருநாளும் பெயர் கொடுக்காத எங்களை, "படம் எடுக்கிற கதையைச் சொல்லுங்கோ, அது காணும்" என்று சங்கத்தினர் மேடையேற்றிவிட்டார்கள். ஆகவே எங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறோம்.

ஸ்ரூடியோவுக்கு அடையாள அட்டைப் படத்துக்காகப் பலர் வருவார்கள். அடுத்ததாக வருகிறவர்கள் செத்தவீட்டுக்காரர். கையில் ஒரு கலியாண வீட்டுக் குழுப்படம் இருக்கும். பின்வரிசையில் கடலை அளவில் ஒரு முகம். "இதுதான் அம்மா. பெரிசாக்கித் தாங்கோ, கல்வெட்டுக்கு வேணும்" என்பார்கள். பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளில் ஆயிரம் படங்கள் இருக்கும். அவற்றில் அம்மா இல்லை. அவர் குசினியில் நின்றிருப்பார், அல்லது "நான் சீலை மாத்தேல்லை" என்று விலகியிருப்பார். இன்னும் பலருக்குப் பழைய படங்களே இல்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வெளிக்கிட்டபோது உறுதியையும் சான்றிதழ்களையும் எடுத்தவர்கள் அல்பத்தை வீட்டில் விட்டுச் சென்றார்கள். திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் இருக்கவில்லை, அல்பமும் இருக்கவில்லை.

அதனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினோம். கமரா, ஒரு துணித் திரை, சிறிய பிரின்டர் ஆகியவற்றோடு முதியோர் இல்லங்களுக்கும் ஊர்களுக்கும் போகிறோம். காசு வாங்குவதில்லை. படத்தை அன்றே கையில் கொடுத்துவிடுகிறோம். தொடக்கத்தில் அப்படிச் செய்யவில்லை. "பிறகு கொண்டு வாறம்" என்று சொல்லி, ஒரு மாதம் கழித்துப் போனபோது ஒரு கட்டில் வெறுமையாக இருந்தது. அந்த அம்மாவின் படம் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது. அதன் பிறகு பிரின்டர் இல்லாமல் நாங்கள் எங்கும் போனதில்லை.

ஒருமுறை ஓர் அம்மம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, கணவரின் பழைய அடையாள அட்டைப் படத்தைத் தந்தார். இருவரும் சேர்ந்து எடுத்த கலியாணப் படம் இடப்பெயர்வில் போய்விட்டதாம். "அவரை எனக்குப் பக்கத்திலை வைச்சுத் தாங்கோ" என்றார். அவர் நாற்பது வயதில் காலமானவர். அம்மம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. எப்படி இணைப்பது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்க, அவரே முடிவு சொன்னார்: "அவரை வயசாக்கிப் போடாதை பிள்ளை. என்னையும் குமராக்காதை. அவர் போனபடி இருக்கட்டும், நான் இருக்கிறபடி இருக்கிறன்." அப்படியே செய்தோம். முகத்தைத் திருத்துவது பற்றி எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அதுதான். "கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்வோம். ஒளி சரியாக விழுந்தால் எங்கள் நிறம் மிக அழகான நிறம்.

அந்த ஒளியைப் பற்றி, வீட்டில் நீங்களே செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலில் கைத்தொலைபேசியின் கண்ணாடியை ஒரு மெல்லிய துணியால் துடையுங்கள். பாதிப் படங்கள் மங்குவது விரல் எண்ணெயால்தான். பிளாஷை நிறுத்திவிட்டு, அம்மாவை யன்னலருகே அல்லது விறாந்தை ஓரத்தில் கதிரை போட்டு இருத்துங்கள். முகம் வெளிச்சத்தை நோக்கிச் சற்றுத் திரும்பியிருக்கட்டும். உச்சி வெயில் வேண்டாம், கண்குழிகள் கறுத்துவிடும். மாமர நிழலும் சில வேளை ஏமாற்றும். இலைகளுக்கிடையால் விழும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பின்னால் வானம் வெளித்திருந்தால் முகம் இருண்டுவிடும். அப்போது திரையில் முகத்தின் மேல் விரலை வைத்தால் கமரா முகத்துக்கேற்ப வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும்.

முகத்துக்கு மிக அருகில் போகாதீர்கள். ஓரடி தூரத்தில் எடுத்தால் மூக்குப் பெரிதாகத் தெரியும். ஐந்தாறு அடி தள்ளி நின்று, உருவைக் கிட்டக் கொண்டுவாருங்கள். இருப்பவரைப் படம் எடுக்கும்போது நீங்களும் இருங்கள். குழந்தையை எடுக்கும்போது முழங்காலில் நில்லுங்கள். கமரா அவரவர் கண்ணின் உயரத்தில் இருக்கவேண்டும். "சிரியுங்கோ" என்று சொல்லாதீர்கள். அவருடைய ஊரைப் பற்றிக் கேளுங்கள். கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: பூக் கட்டட்டும், கீரை ஆயட்டும். எடுத்த படத்தை மற்றவர்களுக்கு அனுப்பும் முன் அவரிடம் காட்டி, சம்மதம் கேளுங்கள்.

பழைய படங்களைப் பிரதி எடுக்கும்போதும் பிளாஷ் வேண்டாம். ஸ்கானர் இருந்தால், சிறிய படத்துக்கு அங்குலத்துக்கு 600 புள்ளி வையுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்காதீர்கள். கண்ணாடியோடேயே பிரதி எடுங்கள். லமினேற் செய்யவேண்டாம். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் நுணுக்கம் குறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். பேனையால் எழுதினால் மை முன்பக்கத்துக்கு ஊறும்.

ஏன் இதை வற்புறுத்துகிறோம்? ஜூலியா மார்கரெட் கமரன் என்ற அம்மையார் 48 வயதில், 1863இல், மகள் கொடுத்த கமராவோடு படம் எடுக்கத் தொடங்கியவர். டார்வினையும் கவிஞர் டெனிசனையும் எடுத்தவர். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்குள்ள சாதாரண மனிதரையும் அவர் படம் எடுத்தார். டார்வின் பெயரோடு இருக்கிறார். இங்கே அவருடைய கமராவுக்கு முன் நின்ற பெண்களில் பெரும்பாலானோரின் பெயர்கள் பதிவாகவில்லை. முகம் இருக்கிறது, ஆள் இல்லை.

அதே குறை எங்கள் வீட்டிலும் உண்டு. இந்த மலருக்காகக் கல்லூரியின் பழைய படங்களைப் பிரதி எடுத்தோம். அதிபர்களின் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்கின்றன. வலைப்பந்தாட்ட அணித் தலைவியின் பெயரும் இருக்கிறது. ஆனால் ஓர் ஆசிரியர் குழுப்படத்தின் ஓரத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் விடுதிச் சமையலம்மாவுக்குப் பெயர் இல்லை. மணி அடித்த ஐயாவுக்கும் இல்லை. அவர்கள் சமைத்த சோற்றை உண்டு, அடித்த மணிக்கு ஓடியவர்கள் நாங்கள். இருந்தும் எங்கள் இருவருக்கும் அவர்களுடைய பெயர் தெரியவில்லை. "அம்மா", "ஐயா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறோம்.

சகோதரிகளே, அந்தப் படங்கள் மண்டபத்தின் வாசலில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு தாளும் பென்சிலும் உண்டு. பெயர் தெரிந்தவர்கள் எழுதிவிட்டுப் போங்கள். இந்த மலரைத் தூர தேசத்தில் இருந்து வாசிப்பவர்கள் சங்கத்துக்கு எழுதுங்கள். மூத்த அக்காமாரிடம் இப்போதே கேட்டுவிடவேண்டும். ஒரு மாதம் கழித்துப் போனால் என்னவாகும் என்பதை நாங்கள் ஒருமுறை கண்டவர்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும், குசினியில் நிற்பவரை யன்னலடிக்குக் கூப்பிடுங்கள். சீலை மாற்றத் தேவையில்லை.