"ஆறு மாசம் சும்மா வரட்டும்"



நம் பக்கத்தில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "சம்பளம் கெடக்குதுங்க, மொதல்ல பையன் வேலை பழகட்டும். ஆறு மாசம் சும்மா வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்." சேலத்திலும் சொல்கிறார்கள், நாமக்கல்லிலும் சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். அந்த ஆறு மாதம் நம் பிள்ளையைச் சம்பள வேலையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா? பெரும்பாலும் சேர்ப்பதில்லை என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

தொழில் பழகுவதை நான் குறை சொல்ல வரவில்லை. பழகிப் பழகியே வளர்ந்த ஊர் இது. லாரி பாடி கட்டும் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். புதிதாக வந்த பையன் முதலில் ஆங்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மேஸ்திரி வெல்டிங் வைப்பார். இரும்பு எந்தச் சூட்டில் வளையும், பலகையை எவ்வளவு இடைவெளி விட்டு இறக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த நிற்கும் நேரத்தில் கண்ணில் ஏறும். லாரியில் கிளீனராக ஏறியவனும் அப்படித்தான். தார்ப்பாய் இழுத்துக் கட்டினான், டயருக்குக் கட்டை போட்டான், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வரலாம் வரலாம்" என்று குரல் கொடுத்தான். லைசென்ஸ் எடுத்த பிறகு ஒரு நாள் ஸ்டியரிங் அவன் கைக்கு வந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வட மாநிலங்களில் போர்வெல் போட்டுத் திரும்புகின்றன என்றால், அதில் போகிறவர்கள் பலர் இந்த வழியில் வந்தவர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கிளீனர் சும்மா போகவில்லை. சாப்பாடு உண்டு, படி உண்டு. அதைவிடப் பெரியது, கூட ஓட்டிய டிரைவர் முதலாளியிடம் போய், "பையனை நம்பி வண்டியக் குடுக்கலாமுங்க" என்று சொன்ன அந்த ஒரு வார்த்தை. வேலையை வாங்கிக் கொடுத்தது அந்த வார்த்தை. காசில்லாமல் உழைத்தது வாங்கிக் கொடுக்கவில்லை.

இப்போது பி.காம். முடித்த ஒரு தங்கையை நினைத்துப் பாருங்கள். ஆபீசில் ஆறு மாதம் சும்மா உட்காருகிறாள். ஜெராக்ஸ் எடுக்கிறாள், கூரியர் ஒட்டுகிறாள், பில் டைப் அடிக்கிறாள். கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை. அடுத்த கம்பெனியில் இண்டர்வியூவுக்குப் போகிறாள். "கடைசியா என்னம்மா சம்பளம் வாங்கினே?" என்று கேட்கிறார்கள். பே-ஸ்லிப் இல்லை. அந்த இடத்தில் அவள் குரல் இறங்கிவிடுகிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் கல்லூரிகளும் ஆள் எடுக்கும் கம்பெனிகளும் சேர்ந்து நடத்தும் நேஸ் என்ற சங்கம், 2013-இல் பட்டம் பெற்று வேலைக்கு மனுப் போட்ட மாணவர்களைக் கேட்டது. சம்பளத்தோடு பயிற்சி எடுத்தவர்களில் 63 சதவீதம் பேருக்கு வேலை அழைப்பு வந்திருந்தது. சம்பளமில்லாமல் எடுத்தவர்களில் 37 சதவீதம். பயிற்சிக்கே போகாதவர்களில் 35 சதவீதம். அத்தனை மாதம் சும்மா உழைத்ததற்குக் கிடைத்த லாபம் அந்த இரண்டு சதவீதம்தான். கிடைத்த வேலையின் ஆரம்பச் சம்பளமோ, பயிற்சிக்கே போகாதவர்களைவிடக் குறைவாக இருந்தது. சம்பளம் கொடுப்பவை பெரும்பாலும் வசதியான கம்பெனிகள், வித்தியாசத்தில் ஒரு பங்கு அதனால் வந்தது என்று சிலர் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காசு கொடுக்கிறவர் ஆளைத் தேர்ந்து எடுக்கிறார், கொடுத்த காசுக்கு உருப்படியான வேலை வாங்குகிறார், பழகிய ஆளை விட அவருக்கு மனசு வருவதில்லை. சும்மா வந்தவர் நாளைக்கு நின்றுவிட்டால் யாருக்கு நஷ்டம்?

இதைவிட எனக்கு வலிக்கிற விஷயம் வேறு. ஆறு மாதம் சும்மா வர யாரால் முடியும்? வீட்டில் இன்னொரு வருமானம் இருக்கிறவரால் முடியும். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிறவரின் மகளால் முடியுமா? வாசல் திறந்திருப்பது போலத் தெரிகிறது, உள்ளே போகிறவர்கள் வசதிப்பட்டவர்கள் மட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1961-இல் வந்த தொழில் பழகுநர் சட்டம், பழகுகிறவருக்கு உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. 2019-இல் திருத்திய விதிகள் படிப்புக்கு ஏற்ப மாதம் குறைந்தது 5,000 முதல் 9,000 ரூபாய் வரை வைத்தன. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று ஏஷியாட் எனும் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-இலேயே சொல்லிவிட்டது. வக்கீல்கள் நெடுங்காலம் ஜூனியர்களைக் காசில்லாமல் வைத்திருந்தார்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, ஜூனியர்களுக்கு மாதம் 15,000, பெருநகரங்களில் 20,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வழி செய்யுமாறு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சட்டம் படித்தவர்களுக்கே கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது என்றால், பட்டறைப் பையனுக்கு யார் பேசுவது?

பயிற்சி என்ற பெயர் எங்கே போய் முடியும் என்பதையும் நம் கொங்கு மண்டலம் பார்த்திருக்கிறது. சுமங்கலித் திட்டம் என்று சொல்லி, நூற்பாலைகளில் இளம்பெண்களை மூன்று வருஷம் விடுதியில் வைத்து, பயிற்சியாளர் என்று எழுதிக் கூலியைக் குறைத்தார்கள். கடைசியில் மொத்தமாகத் தருகிறோம், கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள். உடம்பு முடியாமல் பாதியில் திரும்பிய பெண்கள் எத்தனையோ பேர் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்க்கவில்லை.

முதலாளிகள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. "கத்துக்கற பையன் பொருளை வீணடிக்கிறானுங்க, எனக்குத்தான் செலவு" என்கிறார்கள். உண்மைதான். அதற்காகத்தான் அப்ரண்டீஸ் எனும் தொழில் பழகுநர் திட்டம் இருக்கிறது. நாலு பேர் வேலை செய்கிற பட்டறைகூட அதில் சேரலாம். உதவித்தொகையில் நாலில் ஒரு பங்கை, 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. பையனுக்கும் கையில் ஒரு சான்றிதழ் மிஞ்சும்.

பெற்றோர்களே, நாளைக் காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓர் இடத்துக்குப் போவீர்கள். யார் கற்றுக்கொடுப்பார், எந்தத் தேதி வரைக்கும், மாதம் எவ்வளவு என்று அங்கேயே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். பதிலை ஒரு காகிதத்தில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால், வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த இடம் பாருங்கள்.