நீதிக்குச் செல்லும் வழி

பாடசாலை அதிபரிடம் பெற்றோர் வருவது பெரும்பாலும் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசுவதற்கே. ஆயினும் உடப்புசல்லாவை போன்ற தோட்டப் பகுதியில் வேறு கடதாசிகளும் அதிபரின் மேசைக்கு வந்து சேர்வதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைநாளில், கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த கடதாசியொன்றை என்முன் விரித்து, “இதுல என்ன எழுதியிருக்குதுங்க, ஐயா?” என்று கேட்டார்.

பிள்ளைகளைக் கைவிட்டுச் சென்ற கணவனிடம் தாபரிப்புக் கோரி அவர் தொடுத்த வழக்கின் தவணைத் திகதி அதிலே சிங்களத்தில் குறிக்கப்பட்டிருந்தது. அத்திகதி முதல்நாளே கழிந்துவிட்டது. அதைச் சொன்னபோது அவர் அழவில்லை. “நேத்து மலைக்குப் போயிட்டேனுங்களே” என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை இன்றும் என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

சட்டம் அவருக்கு உரிமையை மறுக்கவில்லை. 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டம் அவருக்காகவும் இயற்றப்பட்டதே. ஆனால் உரிமை இருக்குமிடத்துக்கும் அவர் வசிக்கும் லயத்துக்கும் இடையே மூன்று தடைகள் நின்றன.

முதலாவது, மொழி. வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற நடவடிக்கைகள் பொதுவாகச் சிங்களத்திலேயே பதியப்படுகின்றன. அம்மொழி தெரியாதவருக்கு அரசே மொழிபெயர்ப்பு வசதி அளிக்கவேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை விதிக்கிறது. அதைக் கேட்டுப் பெறலாம் என்பதை அறிந்தோர் நம்மிடையே எத்தனை பேர்?

இரண்டாவது, தூரம். இராகலை, கந்தப்பளை வழியாக நுவரெலியாவுக்குச் சென்று திரும்பினால் ஒருநாள் பேர் போய்விடும். பஸ் கட்டணம் வேறு. அடிப்படை உரிமை மீறப்பட்டவரோ ஒரு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும்.

மூன்றாவது, சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பணம். நாட்கூலியை நம்பி வாழும் குடும்பம் அதை எங்கே தேடும்?

இத்தடைகளை நீக்கவே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ச் சட்ட உதவி ஆணைக்குழு நிறுவப்பெற்றது. வறியோருக்குச் சட்ட ஆலோசனை கூறுவதும், அவர்களுக்காக வழக்காடுவதும் அதன் பணி. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமும், நீதியின் நலன் வேண்டுமிடத்து, வசதியற்ற எதிரிக்குக் கட்டணமின்றிச் சட்டத் துணை வழங்கப்படவேண்டும் என்கிறது. நான் குறிப்பிட்ட அந்தத் தாயும் இவ்வாறான உதவியாலேயே மீண்டும் நீதிமன்றப் படியேறினார். இன்று மாதந்தோறும் பணம் பெறுகிறார். அவருடைய மூத்த மகள் படிப்பை நிறுத்தாமல் எங்கள் வகுப்பறையில் இருக்கிறாள்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நம் நாட்டில் ‘சிக்கனம்’ என்ற சொல் எங்கும் ஒலிக்கிறது. சிக்கனம் நல்லதே, எங்கள் பாடசாலையிலும் கைக்கொள்கிறோம். ஆனால் எதைக் குறைப்பது என்பதில் நிதானம் வேண்டும். இங்கிலாந்து 1949இல் சட்ட உதவிக்கெனத் தனிச்சட்டம் இயற்றி உலகுக்கு வழிகாட்டிய நாடு. அதே நாடு 2012இல் இயற்றி 2013 ஏப்ரலில் நடைமுறைப்படுத்திய சட்டத்தால், குடும்பப் பிணக்கு, கடன், வீட்டு வசதி முதலிய பல விடயங்களை அவ்வுதவியிலிருந்து நீக்கியது. விளைவு யாது? மறு ஆண்டிலேயே குடும்ப நீதிமன்றங்களில் சட்டத்தரணியின்றி வந்த வழக்குகள் ஏறத்தாழ 30 வீதம் பெருகின என்று அந்நாட்டுத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2014இல் எடுத்துரைத்தது. ஓரிடத்தில் மிச்சம் பிடித்த செலவு, நீதிபதியின் நேரமாகவும் ஏழையின் தவிப்பாகவும் வேறிடத்தில் முளைத்தது.

ஆங்கிலம் பேசும் மக்கள் ஆங்கில நீதிமன்றத்திலேயே அவ்வாறு தடுமாறினார்களாயின், மொழியும் தூரமும் எதிர்நிற்கும் நம் மலைநாட்டு மக்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். சட்ட உதவியைப் பிச்சையாக எண்ணுவோர் உளர். பாலமில்லாத ஆற்றின் அக்கரையில் வைத்தியசாலை கட்டினால் இக்கரை நோயாளிக்கு என்ன பயன்? சட்ட உதவி அந்தப் பாலம். அதன் செலவைக் குறைப்பது பாலத்தின் பலகையைக் கழற்றி விறகாக்குவதை ஒக்கும்.

ஆதலால், வரவு செலவுத் திட்டம் வகுப்போர் சட்ட உதவிக்கான ஒதுக்கீட்டைக் குறைக்காதிருக்க வேண்டும். நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் குறையை நிரப்பவேண்டும். நமக்கும் கடமை உண்டு. வீட்டுக்கு வரும் கடதாசியை அன்றே படித்தறிந்தவரிடம் காட்டுங்கள். புரியாத வாக்குமூலத்தில் கையொப்பமிடாதீர்கள். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று துணிந்து கேளுங்கள்.

படித்த இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் லயத்தில் இன்று எவருடைய சேலைத் தலைப்பிலாவது அத்தகைய கடதாசியொன்று முடிந்திருக்கக்கூடும். அதன் திகதி கழியுமுன் வாசித்துச் சொல்லுங்கள்.